உதடு மூடும் இடம்

கொழும்பில் டப்பிங் வேலை என்றால் எனக்குப் பெரும்பாலும் சிங்கள விளம்பரத்துக்குத் தமிழ்க் குரல் ஏற்றுவதுதான். ஒலித் தொகுப்பு என் பொறுப்பு. தமிழ் வசனம் கைக்கு வந்ததும் நடிகரின் வாய் எங்கெங்கே மூடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ப, ம வந்தால் உதடு ஒட்டியே ஆகவேண்டும். க, ங எல்லாம் வாயின் பின்பக்கத்தில் நடக்கிற சங்கதி, வெளியே தெரியாது. திரையில் தாய் 'பபா' என்று கொஞ்சும்போது 'குழந்தை' என்று ஏற்றினால், குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்த வாயில் உட்காராது. 'பிள்ளை' ஓரளவு உட்காரும்.

வேடிக்கை என்னவென்றால், விளம்பரக்காரர்கள் இதை உதட்டுப் பிரச்சினையாகச் சொல்லவே மாட்டார்கள். "உச்சரிப்பு தெளிவில்லை, திரும்பப் பதியுங்கோ" என்பார்கள். பாவம், குரல் கொடுத்தவர் பேச்சு வாங்குவார். அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே அவர்களுக்குத் தெளிவில்லாமல்தான் கேட்கிறது.

1976இல் ஹாரி மெக்கர்க், ஜோன் மக்டொனால்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதியது இதைத்தான். 'க' சொல்லும் முகத்துக்கு 'ப' ஒலியை ஏற்றினால், பார்ப்பவர் பலருக்கு இரண்டும் இல்லாமல் 'த' கேட்கிறது. குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்றுக்காக ஒலியை மாற்றி ஏற்றியபோது தற்செயலாகக் கண்டது என்பார்கள். ஆக, டப்பிங் மேசையில் பிறந்த கண்டுபிடிப்பு!

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் செய்து காட்டுவேன். "அண்ணா, இடையில ஒலியை மாத்திப்போட்டீங்கள்தானே?" என்று ஒரு தம்பி சண்டைக்கே வந்தார். கண்ணை மூடச் சொன்னேன், 'ப' கேட்டது. திறந்தார், மறுபடி 'த'. சூட்சுமம் தெரிந்த பிறகும் பெரும்பாலும் ஏமாறத்தான் செய்கிறோம். மூளையின் பக்கவாட்டில், காதுக்குச் சற்று மேலே உள்ள ஒரு பள்ளத்தில் இரண்டு தகவலும் சேர்கின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இடப்பக்கத்து அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் சற்றுக் குழப்பியபோது இந்த மயக்கம் குறைந்தது.

அப்புறம் நேரக் கணக்கு. ஒலி பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்துவதென்றால் 125 வரை போகலாம். ஒரு பிரேம், அதாவது காட்சியின் ஒரு தனிப்படம், 40 மில்லிசெக்கன் என்பதால், எங்கள் கணக்கில் முன்னால் ஒரு பிரேம், பின்னால் மூன்று. காரணம் இயற்கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காலிமுகத்திடலில் 34 மீற்றர் தள்ளி நின்று ஒருவர் கூப்பிட்டால், குரல் பத்தில் ஒரு செக்கன் பிந்தித்தான் வரும். உதட்டசைவுக்கு முன்னால் குரல் வந்துசேர்வதே இல்லை.

அதனால் சந்தேகம் இருந்தால் வசனத்தை அரைப் பிரேம் பின்னால் தள்ளிவிடுவேன். ஒப்புதலுக்கு வாட்ஸ்அப்பில் குரலை மட்டும் அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். படத்தோடு சேர்த்துத்தான் அனுப்புகிறேன், கோப்பு பெரிசு என்று திட்டினாலும் சரி.