பிராட்டில் என் வல்லினத்தை அளந்தபோது

மொழியியல் பாடத்துக்காக க, ட, த, ப ஒலிகளை என் குரலிலேயே பதிந்து அளக்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய 'பிராட்' என்ற இலவச ஒலி ஆய்வு மென்பொருளில் அளந்தேன். அமைதியான அறையும் சுமாரான மைக்கும் போதும். மைக்கை மட்டும் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். 'ப' சொல்லும்போது காற்று மோதி அலைவடிவம் கெட்டுவிடும்.

முதலில் 'அப்பா'. பெரிதாக்கிப் பார்த்தால், 'அ'வின் அலைகள் சுருங்கி ஒரு தட்டையான கோடாகின்றன. உதடுகள் மூடியிருந்த நேரம் அது. வெளியே சத்தமில்லை, உள்ளே காற்று சேர்ந்து அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. கோடு முடியும் இடத்தில் ஊசி போல ஒரு கீற்று, உதடு திறந்த கணம். உடனே குரல் நாண்கள் அதிர்ந்து 'ஆ' தொடங்குகிறது. அந்தக் கீற்றுக்கும் அதிர்வுக்கும் நடுவிலுள்ள மில்லிநொடிகளைத்தான் லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற மொழியியலாளர்கள் 1964இல் 11 மொழிகளில் ஒப்பிட்டார்கள். தமிழும் அதில் உண்டு என்று அறிந்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! என் பதிவில் 'ப'வைவிட 'க'வுக்கு இந்த இடைவெளி நீளம். பெரும்பாலான மொழிகளில் அப்படித்தான்.

அதிக நேரம் பிடித்தது 'தம்பி'. 'ம்' சொல்லும்போதே உதடு மூடிவிடுகிறது. பிறகு மூக்குக்குப் போகும் வழியை மெல்லண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்பகுதி) அடைத்தால்தான் 'ப' பிறக்கிறது. குரல் நாண்கள் அப்போதும் அதிர்வதால் தட்டைக் கோடு கிடையாது, மெல்லிய நெளிவு மட்டும். அலையின் உயரம் சட்டென்று குறையும் இடத்தை எல்லையாகக் குறித்தேன்.

இந்த நெளிவு ஏன் நீடிப்பதில்லை என்று நீங்களே சோதிக்கலாம். மூக்கைப் பிடித்து, உதட்டை மூடி, முனகிப் பாருங்கள். கன்னம் உப்பும், குரல் நின்றுவிடும். குரல் நாண்கள் அதிர, அவற்றுக்குக் கீழே அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். வாய் நிரம்பினால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. 'தங்கம்' என்பதில் வரும் 'க'வுக்கு அடைப்பு வாயின் பின்பக்கம் விழுவதால் காற்றுக்கு இடம் இன்னும் குறைவு.

'பல்' போன்ற சொற்களைத் தனியாகப் பதிந்தால், முன்னால் இருக்கும் மௌனத்தில் அடைப்பு எங்கே தொடங்கியது என்றே தெரியாது. 'இதோ பல் என்றேன்' என்று வாக்கியத்தில் வைத்துப் பதியுங்கள். முன்சொல் உயிரெழுத்தில் முடியட்டும். மெல்லினத்தில் முடிந்தால் 'தம்பி'யின் சிக்கல் இங்கேயும் வந்துவிடும்.