என் நிரல் தொடங்கும் முன்பே வந்த எர்ரர் 200

பழைய கணினி உயிரை விட்டதும், அதிலிருந்த டர்போ பாஸ்கல் 7 என்ற டாஸ் காலத்து மென்பொருளில் எழுதிய நிரல்களைப் புதியதற்கு மாற்ற ஒரு மாலை போதும் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் திறக்காது என்பது தெரிந்ததுதான். பழைய டாஸ் கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போட்டேன்; அதுவரை சிக்கலில்லை.

சரக்கு இருப்பு நிரலைத் திறந்தால் 'ரன்டைம் எர்ரர் 200'. பூஜ்யத்தால் வகுத்ததாகப் பொருள். நானும் நம்பி, வகுத்தல் வரும் இடங்களையெல்லாம் இரண்டு நாள் சல்லடை போட்டுச் சலித்தேன். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள்" என்றதோடு முடித்துக்கொண்டார். பல வருட உழைப்பு அது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் நிரலின் தொடக்கமான 'பிகின்' முடிந்த அடுத்த வரியிலேயே, திரையில் எழுதும் கட்டளையான ரைட்லைன் ஒன்று வைத்தேன். அதுகூடத் திரையில் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது, என் நிரல் இன்னும் தொடங்கவே இல்லை! திரை வேலைகளுக்கான ஆயத்தத் தொகுப்பான சிஆர்டி யூனிட்டை அழைக்கும் 'யூசஸ் சிஆர்டி' வரி மட்டும் உள்ள வெற்று நிரலும் அப்படியே படுத்தது.

விஷயம் இதுதான். நிரலைக் குறித்த நேரம் நிறுத்திவைக்கும் டிலே கட்டளையின் அளவைக் கணக்கிட, சிஆர்டி யூனிட் ஆரம்பத்திலேயே கடிகாரத்தின் ஒரு துடிப்பில், சுமார் 55 மில்லி செகண்டில், எத்தனை சுற்று ஓடுகிறது என எண்ணி 55ஆல் வகுக்கும். விடை 65535க்குள் அடங்க வேண்டும். வேகமான ப்ராசஸரில் அடங்காது. விடை அடங்காமல் போனாலும், பூஜ்யத்தால் வகுத்தாலும் ப்ராசஸர் எழுப்புவது ஒரே பிழைதான்.

டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸை மேக்ஸ், அதாவது உச்சம், என்று வைத்திருந்தேன். குறைத்ததும் நிரல் திறந்துவிட்டது, ஆனால் மாத அறிக்கை ஆமையாக நகர்ந்தது. சரி, யூனிட்டையே மாற்றுவோம் என்று திருத்திய சிஆர்டியோடு மறுபடி கம்பைல் செய்து ஓடும் கோப்பாக (இஎக்ஸ்இ) மாற்றினேன். ஒரு நிரலுக்கு மட்டும் எழுதிய மூல வரிகள் (சோர்ஸ்) தொலைந்துவிட்டன, இஎக்ஸ்இ தான் மிச்சம். அந்தக் கோப்பையே நேராகத் திருத்தும் பேட்ச் நிரலைப் போட்டால், திருத்த வேண்டிய இடமே இல்லை என்றது. அரை நாள் போன பிறகுதான் அந்தக் கோப்பு எல்இசட்இஎக்ஸ்இ என்ற சுருக்கும் நிரலை வைத்துச் சுருக்கப்பட்டிருப்பது தெரிந்தது. முதலில் விரித்துவிட்டு அப்புறம் பேட்ச் போடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: திருத்திய பிறகு டிலேயை நம்பாதீர்கள். பிரிண்டருக்காக 500 மில்லி செகண்ட் நிற்க வேண்டிய இடத்தை என் நிரல் கண் இமைப்பதற்குள் தாண்டிவிட்டது. அங்கே டிலேயை எடுத்துவிட்டு, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸின் கடிகாரத்தில் ஒன்பது துடிப்பு எண்ணி நிற்கும்படி எழுதினேன். இப்போது ஒரு வரிகூட விடாமல் அச்சாகிறது.