ஒட்டகத்துக்குத்தான் காசு, எலிக்கு இல்லை

ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. செருப்பைத் தட்டினால் இன்னும் மணல் கொட்டுகிறது. ஜீப்காரன் மேல் இருக்கும் கோபமும் இன்னும் அடங்கவில்லை. போய்வந்த கதையைச் செலவுக் கணக்கோடு வரிசையாக எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். முயற்சி செய்கிறேன், உத்தரவாதம் கிடையாது.

போனது மன்னார்குடி - ஜோத்பூர் வாராந்திர ரயிலில். ஜோத்பூரில் மாறி ராத்திரி வண்டி. வழியில் பலோடி வரும். 2016 மே 19 அன்று 51 டிகிரி கொளுத்திய ஊர். ஜனவரியில் அதைத் தாண்டும்போது நாங்கள் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது ஜீப். சாம் மணல்மேடுகளுக்குப் போய்வர 2,000 ரூபாய் பேசினோம். ஜெய்சல்மேரிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம். பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை! "தஸ் மினிட், சாப்" என்று சொல்லிவிட்டு, டயரைத் தூக்கிக்கொண்டு யாருடைய பைக்கிலோ ஏறிப் போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். வந்ததும் வெயிட்டிங் சார்ஜ் 500 கேட்டான். காத்திருந்தது நாங்கள்!

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் மொத்தப் பயணத்திலும் உருப்படியான நேரம்.

ரோட்டோரம் முள் இலந்தைப் புதர். அடியில் சல்லடை மாதிரி பொந்துகள். முதலில் பாம்புப் புற்று என்று பயந்து தள்ளி நின்றோம். வெயில் கொஞ்சம் சூடேறியதும் ஒரு பொந்திலிருந்து மூக்கு தெரிந்தது. பிறகு தலை. பிறகு ஒன்று, இரண்டு, ஏழு என்று எண்ண முடியாத அளவுக்கு வந்துவிட்டன. மணல் நிறம், உடம்பு நீளத்துக்கு வால், வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். பாலைவன ஜெர்ட் என்ற எலி. நம்மூர் வெள்ளெலிக்குப் பங்காளி முறை. வெள்ளெலி ராத்திரியில்தான் நடமாடும். இது பட்டப்பகலில் குடும்பத்தோடு வெளியே வருகிறது.

பத்தடி தூரத்தில் ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, புல் விதையை இரண்டு கையாலும் பிடித்து உருட்டி உருட்டித் தோல் நீக்கித் தின்றது. விரல் நுனியில் கறுப்பு நகம். வானத்தில் ஏதோ நிழல் ஓடியது, கழுகோ பருந்தோ தெரியவில்லை. ஒரே நொடியில் மொத்தக் கூட்டமும் காணோம். நாலு நிமிஷம் கழித்து மறுபடி அதே மூக்கு.

"ஏங்க, எலியப் பாக்கவா மூணு நாள் ரயில்ல வந்தோம்?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு என்னைவிட அதிக நேரம் பார்த்ததும் அவள்தான்.

இந்த எலிக்குக் குடிக்கத் தண்ணீர் அநேகமாகத் தேவையில்லை. தின்னும் விதையிலும் தண்டிலும் வேரிலும் கிடைக்கும் ஈரமே போதும். சிறுநீரையும் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடித்துவிடும். கோடையில் காலையும் மாலையும் மட்டும் தலைகாட்டும், உச்சி வெயிலுக்குப் பொந்துதான். குளிர்காலத்தில் எங்களைப் போலவே வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருக்கும். போஸ்டரில் வரும் மொட்டை மணல்மேட்டில் இதைத் தேடாதீர்கள், அங்கே தோண்டினால் சரிந்து மூடிவிடும். புதரும் புல்லும் உள்ள சமவெளிதான் அதன் ஊர். 1867-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த ஜெர்டன், மதராஸ் ராஜதானியில் ராணுவ டாக்டராக இருந்தவர். பெயரில் அவர் வைத்ததோ ஹரியானாவை (hurrianae).

மதியம் ஒரு தாபா. கம்பு ரொட்டி, கேர் சாங்ரி (பாலைவனக் காயும் காய்ந்த நெற்றும் சேர்த்த கறி), பூண்டுச் சட்னி, வெங்காயம். இரண்டு பேருக்கும் சேர்த்து 240 ரூபாய். ரொட்டி மேல் கேட்காமலே நெய் ஊற்றினார்கள். எலியைப் பற்றி ஆசையாகப் பேச்செடுத்தேன்; கடைக்காரர் முகம் மாறிவிட்டது. விதைத்த கம்பைத் தோண்டித் தின்றுவிடுகிறதாம். அவர் கோபம் நியாயம்தான். ஜோத்பூரில் எலிக் கட்டுப்பாட்டுக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது.

சாம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டகம் 600 ரூபாய், பத்து நிமிஷம், முதுகு வலி, டிஜே சத்தம். சூரியன் மறைந்ததுகூட யாரோ செல்ஃபி ஸ்டிக்குக்குப் பின்னால்தான்.

வெயிட்டிங் சார்ஜில் பேரம் பேசி 200 கொடுத்துத் தொலைத்தேன். திரும்பும்போது அந்தப் புதர் பக்கம் ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொன்னாள் மனைவி. ஹெட்லைட் வெளிச்சத்தில் வெறும் ஓட்டைகள்.

"தூங்கிருச்சுங்க போல" என்றாள்.