ஐம்பது மில்லிவோல்ட்

என்னிடம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு என் நெக்ஸஸ் 5 ஒரு வேடிக்கைப் பொருள். 2013 இல் வந்த போன். கூகுள் அதற்குக் கடைசியாகக் கொடுத்தது அன்ட்ரொயிட் 6.0.1. வெள்ளவத்தையில் வகுப்பு முடிந்து காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போது பாட்டுக் கேட்பதும் வினாத்தாள் புரட்டுவதும் இன்றும் அதில்தான். பற்றரி நீடிப்பதற்காக, அதன் கெர்னலில், அதாவது வன்பொருளை ஆளும் மென்பொருளின் அடிப்பாகத்தில், செயலிக்கு (புரொசசருக்கு) போகும் மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். "சேர், ஒரு பவர் பேங்க் வாங்கினால் வேலை முடிந்ததுதானே, எதற்கு இந்தக் கெர்னல் வேலை?" என்று போன வாரம் ஒருவன் கேட்டான். அவனுக்கான பதில் அவனுடைய பௌதிகவியல் புத்தகத்திலேயே, கொள்ளளவி அதிகாரத்தில் இருக்கிறது.

செயலிக்குள் இருக்கும் ஒவ்வொரு திரான்சிற்றரும் மின்னைப் பொறுத்தவரை ஒரு குட்டிக் கொள்ளளவிதான், மின்னேற்றத்தைத் தேக்கும் பாத்திரம். ஏற்றுகிறோம், இறக்குகிறோம், மறுபடி ஏற்றுகிறோம். இதில் செலவாகும் வலு மீடிறனுக்கு, அதாவது ஒரு விநாடியில் எத்தனை தடவை இது நடக்கிறது என்பதற்கு, நேர்விகிதசமம். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதசமம். எல்லாரும் முதலில் கை வைப்பது மீடிறனில். அதைப் பாதியாக்கினால் வலுவும் பாதியாகும், உண்மை. ஆனால் அதே வேலைக்கு இரு மடங்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் திரை எரிந்துகொண்டிருக்கும். மீடிறனைத் தொடாமல் அழுத்தத்தை மட்டும் இறக்கினால், வேலை அதே வேகத்தில் குறைந்த சக்தியில் முடிகிறது. 1000 மில்லிவோல்ட்டில் ஓடுவதை 950 இல் ஓடவிட்டால் ஏறத்தாழ 10 சதவீதம் மிச்சம். 900 வரை இறங்க முடிந்தால் 19 சதவீதம். வர்க்கம் செய்கிற வேலை இது.

அப்படியென்றால் தொழிற்சாலையிலேயே ஏன் குறைத்துக் கொடுக்கவில்லை? ஒரே அச்சில் வார்த்தாலும் இரண்டு சிப்புகள் ஒன்றுபோல இருப்பதில்லை. சில குறைந்த அழுத்தத்திலேயே ஓடும், சில ஓடா. வகுப்பில் ஆகமெதுவாக எழுதும் பிள்ளை முடிக்கும்வரை நான் கரும்பலகையை அழிக்காமல் நிற்பதுபோல, உற்பத்தியாளரும் ஆகப் பலவீனமான சிப்பை மனதில் வைத்துத்தான் அழுத்தத்தை நிர்ணயிக்கிறார். நெக்ஸஸ் 5 இல் இருக்கும் ஸ்னாப்டிராகன் 800 இல் ஓரளவு தரப் பிரிப்பு உண்டு. ஒவ்வொரு சிப்பையும் சோதித்து ஒரு தர எண்ணை அதிலேயே பதித்துவிடுகிறார்கள். கெர்னல் அந்த எண்ணைப் படித்து, அதற்குரிய அழுத்த அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு தரத்துக்குள்ளும் கடைசிச் சிப் என்று ஒன்று இருக்குமே. வெயிலுக்கும் வயதுக்கும் என்று மேலதிகமாகச் சேர்த்த பாதுகாப்பு ஓரமும் இருக்கிறது. நான் பிடுங்குவது அந்த ஓரத்தைத்தான்.

போனோடு வந்த கெர்னலில் இந்த அட்டவணையை மாற்ற வழி கிடையாது. எலிமெண்டல்எக்ஸ், பிராங்கோ போன்ற தனிக் கெர்னல்கள் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. இவற்றை ஏற்ற, போனைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது போனில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதையும், ரூட் செய்த, அதாவது முழு அதிகாரத்தையும் நாமே எடுத்துக்கொண்ட, போனைக் கண்டால் வங்கி ஆப்கள் முகம் திருப்பிக்கொள்ளும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கையில் இருக்கும் ஒரே போனில் இதைச் செய்யாதீர்கள்.

செய்முறையில் அவசரம் ஆகாது. ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒரு வரி இருக்கும். அதில் 25 மில்லிவோல்ட் குறைத்துவிட்டு, ஓரிரு நாள் வழக்கம்போலப் பாவிக்க வேண்டும். போனைத் திரும்ப இயக்கினால் பழைய எண்களே வந்துவிடும், ஆகவே ஆபத்தில்லை. "இயங்கத் தொடங்கும்போதே இடு" என்ற பெட்டியில் மட்டும் கடைசிவரை குறியிடக் கூடாது. குறியிட்ட பிறகு எண் பொருந்தாமல் போனால் போன் தொடங்குவதும் விழுவதுமாகவே இருக்கும். பலர் கனமான விளையாட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, தாக்குப்பிடிக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பிரச்சினை வருவது கீழ் முனையில். மேசையில் சும்மா கிடக்கும்போது போன் 300 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கி உறங்கும், எழுப்பினால் எழாது. திரை கறுப்பு, பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் உயிர் வரும். வெப்பமோ வேகமோ இல்லாத இடத்தில் வரும் இந்தச் சாவை எந்தச் சோதனை ஆப்பும் காட்டித் தராது.

பலன் எவ்வளவு? செயலி தின்னும் பங்கில்தான் மிச்சம். திரை தின்பதும், சிக்னல் தேடி அன்ரனா தின்பதும் அப்படியே இருக்கும். எனக்கு வகுப்பு நாட்களில் மாலைவரை தாங்கியது இரவுச் சாப்பாடுவரை தாங்குகிறது; இரண்டு நாள் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சூடு. ஏப்ரல் மாதக் கொழும்பில், நெரிசல் பஸ்ஸில், சட்டைப்பைக்குள் கிடக்கும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்தபின் அந்த நிலைக்குப் போவது அரிதாகிவிட்டது. வரைபடம் திறக்கும்போது விரலுக்கே வித்தியாசம் தெரிகிறது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, இரவு உணவுவரை தாங்குவது என்பதற்கு வேறு பெறுமதி இருந்தது. அப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் புதுப் பற்றரி தேடினேன். தொழிற்சாலையிலிருந்து வந்த பற்றரி 2300 மில்லியம்பியர் மணி. கடைக்காரர் நீட்டியதும் அதே அளவு, அதே தடிப்பு. மேலே மட்டும் 3000 என்று அச்சிட்டிருந்தது. "ஐயா, இது ஒரிஜினல்" என்றார். ஸ்டிக்கர் அச்சிட வேதியியல் தேவையில்லை. வேறிடத்தில் 2300 என்றே எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன். தேய்ந்த பற்றரியை வைத்துக்கொண்டு மில்லிவோல்ட் கணக்குப் பார்ப்பது வீண், முதலில் பற்றரியை மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவனின் போன் புதியது. அதில் இந்த வேலை நடக்காது. குவால்கம்மின் பின்வந்த சிப்புகள் ஓடும்போதே தம்மை அளந்து, தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தாமே இறக்கிக்கொள்கின்றன. கெர்னலில் இருந்துகொண்டு நாம் பிடுங்க முன்போல ஓரம் மிஞ்சுவதில்லை. அவனுக்குப் பவர் பேங்க்தான் சரி. என் அட்டவணையில் இப்போது மேல் வரிகள் எல்லாம் 50 குறைவு, நடு வரிகள் 25 குறைவு. 300 மெகாஹேர்ட்ஸ் வரியைத் தொழிற்சாலை எண்ணிலேயே விட்டுவைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தாக வேண்டும்.