இண்டக்டர் கணக்கா? முதலில் கரண்டைப் பாருங்கள்

ரெசிஸ்டர், கெபாசிட்டர், இண்டக்டர் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். அலகு, குறியீடு, ஃபார்முலா எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கில் ஒரு சுவிட்சைப் போட்டு, மூடிய அந்தக் கணத்தில் கரண்ட் எவ்வளவு என்று கேட்டால் பேனா நின்றுவிடும். எனக்கு உதவிய வழி ஒன்றைச் சொல்கிறேன்: எந்த பாகத்தைப் பார்த்தாலும், இது எதைச் சட்டென்று மாற விடாது என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

ரெசிஸ்டரிடம் அந்தப் பேச்சே இல்லை. வோல்டேஜ் மாறினால் கரண்டும் கூடவே மாறும், வாங்கின ஆற்றல் வெப்பமாகப் போய்விடும், திரும்ப வராது. கெபாசிட்டர் மின்புலத்தில் ஆற்றலைச் சேர்த்து வைக்கும், அதனால் வோல்டேஜைத் தாவ விடாது. இண்டக்டர் என்பது ஒரு கம்பிச் சுருள், அது ஆற்றலைச் சேர்த்து வைப்பது காந்தப்புலத்தில். கரண்ட் மாறினால் புலம் மாறும், புலம் மாறினால் அந்த மாற்றத்தையே எதிர்த்து சுருளில் வோல்டேஜ் பிறக்கும், ஆகவே கரண்ட் தாவாது. ஓடுகிற வண்டி நினைத்த கணத்தில் நிற்காது இல்லையா, அதே கதைதான். இண்டக்டரின் வோல்டேஜ் கரண்டின் அளவைப் பொறுத்தது இல்லை, அது மாறுகிற வேகத்தைப் பொறுத்தது. இது பிடிபட்டால் பாதி பாடம் முடிந்த மாதிரி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் பேட்டரி, 6 ஓம் ரெசிஸ்டர், 3 ஹென்றி இண்டக்டர், எல்லாம் தொடராக. சுவிட்சை மூடிய கணத்தில் கரண்ட் பூஜ்யம், ஏனென்றால் அதற்கு முன்பும் பூஜ்யம்தான். ரெசிஸ்டரில் வோல்டேஜ் இல்லை, முழு 12 வோல்ட்டும் இண்டக்டரில் விழும், கரண்ட் விநாடிக்கு 4 ஆம்பியர் வேகத்தில் ஏறத் தொடங்கும். கால மாறிலி, அதாவது கரண்ட் இறுதி அளவில் சுமார் 63 சதவீதத்தை எட்ட எடுக்கும் நேரம், ஹென்றி வகுத்தல் ஓம்: 3 வகுத்தல் 6, அரை விநாடி. அப்போது கரண்ட் 1.26 ஆம்பியருக்கு வந்திருக்கும், சுமார் 2.5 விநாடியில் 2 ஆம்பியரில் நிலைத்துவிடும். நிலைத்த பிறகு கரண்ட் மாறவில்லை, அதனால் இண்டக்டரில் வோல்டேஜும் இல்லை, வெறும் கம்பி மாதிரி. டிசி-யில் இண்டக்டர் ஷார்ட் என்று புத்தகங்களில் வருவது இந்தக் கட்டத்துக்கு மட்டும்தான், முதல் கணத்துக்கு அதைப் போட்டால் விடை தலைகீழாகிவிடும்.

இப்போது இண்டக்டருக்கு இணையாக 1000 ஓம் ஒன்றை வைத்துவிட்டு சுவிட்சைத் திறக்கிறோம். கரண்ட் தாவாது, ஆகவே அதே 2 ஆம்பியர் அந்த 1000 ஓம் வழியாகப் போயே ஆகவேண்டும். 2000 வோல்ட்! இருந்ததோ 12 வோல்ட் பேட்டரி. ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருளுக்குக் குறுக்கே டயோடு போடுவது இதைத் தடுக்கத்தான். இந்த இடத்தில் கேள்வி எடுப்பவர்கள் இன்னொரு பொறியும் வைப்பார்கள்: சுவிட்ச் திறந்ததும் 6 ஓம் கணக்கிலேயே இல்லை, கால மாறிலி இனி 3 வகுத்தல் 1000, வெறும் 3 மில்லிவிநாடி. பழைய அரை விநாடியையே எழுதினால் மார்க் போச்சு. ரெசிஸ்டன்ஸ் கூடினால் கெபாசிட்டர் சர்க்யூட் மெதுவாகும், இண்டக்டர் சர்க்யூட் வேகமாகும், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏசி பகுதி இதைவிட எளிது. 10 மில்லிஹென்றி இண்டக்டர் 50 ஹெர்ட்ஸில் சுமார் 3.14 ஓம் எதிர்ப்பு காட்டும், 5000 ஹெர்ட்ஸில் 314 ஓம். கெபாசிட்டர் நேர்மாறு, ரெசிஸ்டருக்கு அதிர்வெண் ஒரு பொருட்டே இல்லை. இண்டக்டரில் கரண்ட் வோல்டேஜுக்கு 90 டிகிரி பின்தங்கும், கெபாசிட்டரில் முந்தும். இண்டக்டர்களின் தொடர், இணை கூட்டல் ரெசிஸ்டர் மாதிரியேதான், ஆனால் சுருள்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால்.

அப்புறம், நிஜ இண்டக்டர் நீளமான கம்பியால் சுற்றப்பட்டது, அதற்கென்று கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். கேள்வியில் சுருளின் ரெசிஸ்டன்ஸ் என்று ஒரு எண் கொடுத்திருந்தால் படத்தில் அதைத் தனி ரெசிஸ்டராகத் தொடரில் வரைந்துவிடுங்கள், கால மாறிலிக்கும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.