விலக்குப் படிவம்

பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைப் படிவங்களை அனுப்பும் சமயம் வந்தாலே, அந்தப் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டியது நினைவுக்கு வந்துவிடுகிறது. "பரிட்சை எழுத வேண்டாம், சரி. இங்கிலீஷ் கிளாஸ்ல உட்காரலாமா மிஸ்?"

"பாக்கலாம்மா" என்றேன், உதட்டசைவு தெரியும்படி.

செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வில் விலக்குக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 17ஆம் பிரிவிலேயே இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களுக்கு விலக்கு இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்பவற்றோடு சேர்த்து. "பாஸாயிட்டாப் போதும் மிஸ்" என்று அம்மாவும் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலம் ஒன்றில் மட்டும் தவறி, படிப்பையே விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் படிவத்தில் நாங்கள் கேட்டது தேர்வுக்கு மட்டும்தானே? ஆங்கில வேளையில் அவளை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். "அந்த நேரத்துல நாலு கணக்குப் போட்டா கணக்குல தேறிடுவா" என்றார் தலைமையாசிரியர். தேறவும் செய்தாள். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

ஆங்கில ஆசிரியரிடம் பேசினேன். "உட்காரட்டும். ஆனா நான் போர்டைப் பாத்து எழுதிக்கிட்டே பேசுறவன். அவளுக்கு என்ன புரியும்?" நியாயமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், அவர் கொஞ்சம் திரும்பி நின்று பேசியிருக்கலாம், அவ்வளவுதான் தேவைப்பட்டது. இல்லை, அவ்வளவு மட்டும் போதாது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்பதும் அதே 17ஆம் பிரிவில் உள்ளதுதான். அதற்குச் சம்பளம் ஆகும். விலக்குக்கு ஒரு தாள் போதும். ஒரே பிரிவில் எது நடக்கும், எது நடக்காது என்பதைச் செலவுதான் முடிவு செய்கிறது.

வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிற சிறப்புப் பயிற்றுநர் நான். ஒரு பள்ளியில் முறைத்துக்கொண்டால் அங்கே மற்ற பிள்ளைகளுக்கு வேண்டியதைக் கேட்க முடியாது. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அவள் கேட்டது மற்ற பிள்ளைகளுக்காக அல்லவே.

இந்த ஆண்டு ஒரு பெற்றோர் கடிதத்தில், "ஆங்கில வகுப்பில் தொடர்ந்து அமர விரும்புகிறான்" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னேன். "படிவத்துல கேக்காததை எதுக்கு எழுதணும்? மேல இருந்து திருப்பி அனுப்பிட்டா?" என்றார்கள். திருப்பினால் பையனுக்கு விலக்கே கிடைக்காமல் போகலாம். கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.