எந்த வேலைக்கு எவ்வளவு கூர்

கிரிக்கெட்டைப் பற்றியும் பரிசளிப்பு விழாவைப் பற்றியும் எழுத எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நான் எங்கள் பள்ளிக்கூடத்து மரவேலை மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். அவரளவுக்குக் கூர் பார்க்கத் தெரிந்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

உளியைச் சாணையில் 25 பாகைக்குப் பிடித்து, அப்புறம் எண்ணெய்க்கல்லில் நுனியை மட்டும் 30 பாகைக்குத் தீட்ட வேண்டும். முதுகுப் பக்கம் விரலால் தடவினால் பிசிர், அதாவது நுனியில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு, தட்டுப்படும். அது வந்தால்தான் கல் நுனிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். பிசிரை எடுத்ததும், "வெளிச்சத்திலை பிடிச்சுப் பார், தம்பி. வெள்ளைக் கோடு தெரிஞ்சால் இன்னும் மொட்டைதான்" என்பார். மழுங்கிய இடம்தான் மின்னும். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது.

வைரமான மரத்துக்குத்தான் கூடிய கூர் வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாஸ்டர் இலவம் துண்டு ஒன்றைத் தந்து அதன் வெட்டுமுகத்தை, நாருக்குக் குறுக்கே அறுத்த பக்கத்தை, சீவச் சொன்னார். வேம்பில் ஒழுங்காக ஓடிய அதே உளி, அதிலே நாரைக் கசக்கிப் பிய்த்தது. மெதுவான மரம் எதிர்த்து நிற்காது, அமுங்கிவிடும். அமுங்க முன்னம் அறுக்க வேண்டுமென்றால் கூர் அசலாக இருக்க வேண்டும். முதிர்ந்த பனையில் சங்கதி வேறு. அதன் கறுத்த நார் மெல்லிய நுனியை உடைத்துவிடும் என்று பாகையைக் கொஞ்சம் கூட்டித் தீட்டுவோம். கூர் குறைவதில்லை, நுனிக்குப் பின்னால் இரும்பு கூட நிற்கும், அவ்வளவுதான்.

விறகுக் கோடாலியை ஒருவன் மயிர் வழிக்கும் கூருக்குத் தீட்டிக் கொண்டு வந்தான். "உது பிளக்கிற சாமான், சீவிற சாமான் இல்லை" என்றார் மாஸ்டர். நுனி இறங்கினால் போதும், மிச்சத்தைக் கன்னங்களின் தடிப்பு பார்த்துக்கொள்ளும். கள்ளுக்காகத் தினமும் பாளையை மெல்லிசாகச் சீவுகிற பாளைக்கத்திக்கோ எவ்வளவு தீட்டினாலும் தகும்.

ரொறன்ரோவுக்கு வந்து உணவகக் குசினியில் நின்ற காலத்தில் இந்தப் படிப்புத்தான் எனக்குக் கைகொடுத்தது. அதிகம் மெருகேற்றிய கத்தி தக்காளித் தோலில் வழுக்கும். சற்றுக் கரடான கல்லோடு நிறுத்தினால் உடனே பிடிக்கும். எலும்பு கொத்தும் கத்திக்குப் பாகை கூட வேண்டும், இல்லாவிட்டால் வாய் போய்விடும்.

இப்போது சங்கம் பள்ளிக்கூடத்துக்கு மரவேலை ஆயுதங்கள் வாங்கிக் கொடுக்கப் போகிறது என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். உளிகளோடு, ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நயமுமான எண்ணெய்க்கற்களையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன்.